புதுப்பிப்பு: ஈரச் சுவர் வீடு விற்றாகிவிட்டது

பழைய வீடு ஒன்றை வாங்கிச் சீரமைத்து விற்கப் போகிறேன், சமையலறையை முழுசாக மாற்றவா, ஈரம் ஏறிய படுக்கையறைச் சுவரை முதலில் பார்க்கவா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சுவர் என்றீர்கள். அப்படியே செய்தேன், வீடும் விற்றுவிட்டது. மனமார்ந்த நன்றி.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். அது ஓடிக்கொண்டே இருந்தது. பின்பக்கக் குளியலறைக் குழாயின் இணைப்பு சுவருக்குள்ளேயே கசிந்திருக்கிறது. இணைப்பை மாற்றி, செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மறுபூச்சு. ஈரச் சுவரில் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உரிந்துவிடும். காயும்வரை கடன் வட்டி ஏறியது வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனால் ஈரத்தை மறைத்து ஒரு குடும்பத்தின் தலையில் கட்ட எனக்கு மனம் வராது.

சமையலறையில் அலமாரிக் கதவுகளும் கைப்பிடிகளும் மட்டும் புதுசு. அதுவே போதுமாக இருந்தது.

லாபக் கணக்கு கேட்டவர்களுக்கு: 70 சதவீத விதியைத்தான் பிடித்துக்கொண்டேன். சீரமைத்த பின் வீடு 100க்குப் போகும், வேலைக்கு 15 ஆகும் என்றால், அந்த 100இல் 70 சதவீதமான 70இலிருந்து 15ஐக் கழிக்க வேண்டும்; வாங்கும் விலை 55ஐத் தாண்டக் கூடாது. மிச்ச 30 முழுவதும் லாபமில்லை. வட்டி, வரி, காப்பீடு, தரகு, பதிவுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போகும்.

சுவரை மூடும் முன் எடுத்த குழாய்ப் படங்களையும் ரசீதுகளையும் வாங்கியவரிடம் கொடுத்துவிட்டேன்.