வெறும் தண்ணீர் பட்டாலே முகம் காந்துகிறது

முகிலி:

வணக்கம். நேற்று ராத்திரி முகம் கழுவினேன். ஃபேஸ் வாஷ்கூடப் போடவில்லை, வெறும் தண்ணீர்தான். மூக்கின் இரண்டு ஓரமும் கன்னமும் அப்படியே காந்தியது. இரண்டு வருடமாகப் போடும் மாய்ஸ்சரைசரைத் தடவினால் அதுவும் எரிகிறது. பயமாக இருக்கிறது.

பரு போன இடத்துக் கறைகளுக்காக மூன்று மாதம் முன்பு கிளைகாலிக் ஆசிட் டோனர் ஆரம்பித்தேன். அப்புறம் இரவில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை, காலையில் வைட்டமின் சி சீரம், வாரம் ஒருமுறை ஸ்க்ரப், நாளைக்கு மூன்று தடவை ஃபேஸ் வாஷ். முதல் இரண்டு வாரம் முகம் பளபளவென்று இருந்தது, சந்தோஷப்பட்டேன். இப்போதும் பளபளப்பு இருக்கிறது, ஆனால் சிரித்தால் தோல் இழுக்கிறது. வாயோரத்தில் பவுடர் உதிர்வது போல் செதில். நெற்றியில் பொடிப் பொடியாக ஏதோ கிளம்பியிருக்கிறது.

ஸ்கின் பேரியர், அதாவது தோலின் பாதுகாப்புச் சுவர், கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன். சரிசெய்ய எந்த சீரம் வாங்கலாம்? 10 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) போதுமா? பத்து நாளில் புது வேலையில் சேர வேண்டும்.

சாரல்:

முகிலி, தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள். நான் நாற்பதைத் தாண்டியவள், நான்கு வருடம் முன்பு இதே நிலைமையில் இருந்தேன். நீங்கள் சொல்லும் அந்தப் பளபளப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது ஆரோக்கியம் இல்லை. மேல்தோல் தேய்ந்து வழவழத்துப்போய், மெழுகு பூசியது போல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது.

தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். இடையில் பூச்சு மாதிரி கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். இந்த மொத்தச் சுவரும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆசிட் செங்கற்களின் பிடியைத் தளர்த்துகிறது, நுரை வரும் ஃபேஸ் வாஷ் பூச்சைக் கரைக்கிறது, ஸ்க்ரப் மிச்சத்தைச் சுரண்டுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே கசியும், வெளியே இருப்பதெல்லாம் உள்ளே போகும். பழகிய க்ரீம்கூட எரிவது அதனால்தான். க்ரீம் மாறவில்லை, கதவு திறந்து கிடக்கிறது.

இந்தச் சுவரைத் தோலே திரும்பக் கட்டிக்கொள்ளும். நாம் இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும். அதனால் இன்று இரவிலிருந்தே டோனர், ரெட்டினால், வைட்டமின் சி, ஸ்க்ரப் எல்லாவற்றையும் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். காலையில் வெறும் தண்ணீர், வெதுவெதுப்புக்கும் ஒரு படி குறைவாக. வெந்நீர் வேண்டவே வேண்டாம். இரவில் மட்டும் நுரைக்காத, வாசனை சேர்க்காத கிளென்சர். சாதாரண சோப்பையும் தொடாதீர்கள். நம் தோலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5-ஐ ஒட்டி இருக்கும், சோப்பு 9, 10 வரை போகும்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், கிளிசரினும் செராமைடும் உள்ள சாதுவான ஒரு க்ரீம். 'வாசனை தெரியாதது' என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். வாடையை மறைக்கவே வாசனை சேர்த்திருக்கலாம். டப்பாவின் பின்பக்கப் பட்டியலில் பர்ஃப்யூம், எசென்ஷியல் ஆயில் இரண்டும் இல்லையா என்று பாருங்கள்.

எனக்கு முதல் நான்கு நாள் எந்த க்ரீமும் ஒத்துக்கொள்ளவில்லை. வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி மட்டும்தான். விரல் நுனியில் ஒட்டும் அளவு எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தால் அது எண்ணெய் மாதிரி இளகும். அப்புறம் உள்ளங்கையைக் கன்னத்தில் அழுத்தி வைத்து எடுப்பேன், இழுத்துத் தடவ மாட்டேன். தலையணை உறை ஒட்டும், பழைய உறையாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் பட்டபோது எரிச்சல் பாதிதான் இருந்தது. வாஷ் பேசின் முன்னால் நின்று அழுதுவிட்டேன்.

மூன்றாம் வாரம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ஒரே ஒரு இரவு ஆசிட் போட்டேன். மறுநாள் காலை பழைய கதை. திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று, மொத்தம் ஏழு வாரம். பத்து நாளில் உங்களுக்கு எரிச்சல் நன்றாகவே குறையலாம், செதில் முழுதாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். அதன்மேல் மேக்கப் மட்டும் போடாதீர்கள்.

கடைசி பெஞ்ச்:

நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பொடிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து அரித்தால், பரு இல்லாமல் ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது, டாக்டர் பார்த்துப் பூஞ்சைக்கு மருந்து கொடுத்த பிறகுதான் அடங்கியது. அது தெரியும்வரை நெற்றியில் கனமான எதையும் பூசாமல், ஜெல்லியைக் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'இயற்கை' என்று யாராவது ஆலிவ் எண்ணெய் சொன்னால் கேட்காதீர்கள். அதில் நிறைந்திருக்கும் ஒலீயிக் அமிலம் பேரியரை இன்னும் தளர்த்தும்.

மாத்திரை டப்பா:

மருந்துக்கடையில் நிற்பவன் என்பதால் கேட்கிறேன். வேறு ஏதாவது க்ரீம், யாராவது சொல்லி, முகத்துக்குப் போட்டீர்களா? டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டுவிட்டு நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகச் சிவக்கும், அதை வீட்டில் சமாளிக்கக் கூடாது, தோல் மருத்துவரிடம் போங்கள். நீர் கசிவது, மஞ்சளாகப் பொருக்கு கட்டுவது, கண் இமை வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். எதுவும் வராமல், ஒரு மாதம் சும்மா விட்டும் குறையவில்லை என்றாலும் காட்டுங்கள்.

முகிலி:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டீராய்டு எதுவும் இல்லை, எல்லா டியூபையும் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டது: என் ஃபேஸ் வாஷிலேயே 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் இருக்கிறது! நாளைக்கு மூன்று தடவை அதையும் போட்டிருக்கிறேன். சாரல் அக்கா, சன்ஸ்கிரீனும் எரிகிறதே, அதற்கு என்ன செய்வது?

சாரல்:

பார்த்தீர்களா, ஃபேஸ் வாஷையும் எடுத்து வையுங்கள். சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ள வகை பெரும்பாலும் எரியாது. கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும், பரவாயில்லை. முதலில் காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் தடவிப் பாருங்கள். அதுவரை குடை, தொப்பி, நிழல். ஆசிட் போட்டு மெலிந்த தோல் வெயிலில் சீக்கிரம் கறுக்கும், நீங்கள் போக்க நினைத்த கறையே இன்னும் அழுத்தமாகிவிடும்.

நியாசினமைடு கேட்டிருந்தீர்கள். செராமைடு சுரக்க அது உதவும், உண்மைதான். ஆனால் புண்பட்ட முகத்தில் 10 சதவீதம் எரியும். எரிச்சல் முழுதாக நின்று இரண்டு வாரம் போகட்டும். அப்புறம் ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இரண்டு வாரம் இடைவெளி விட்டு, ரெட்டினாலை வாரம் இரண்டு இரவு மட்டும், மாய்ஸ்சரைசருக்கு மேலே. ஸ்க்ரப்பை யாருக்கும் கொடுக்கக்கூட வேண்டாம், குப்பையில் போடுங்கள்.

முகிலி:

பன்னிரண்டு நாள் ஆகிறது. வேலையில் சேர்ந்துவிட்டேன், மேக்கப் இல்லாமல்தான் போனேன். தண்ணீர் பட்டால் எரிவதில்லை, பழைய மாய்ஸ்சரைசர் போட்டதும் ஒரு நொடி சுருக்கென்கிறது, உடனே அடங்கிவிடுகிறது. அந்தப் பளபளப்பு போய்விட்டது. நெற்றியில் இருப்பது ஒரே அளவாக, அரித்துக்கொண்டும் இருக்கிறது, நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். வாயோரத்தில் கொஞ்சம் செதில் மிச்சம். ராத்திரி ஜெல்லி தொடர்கிறது.