பேராசிரியர் சே. இராமானுஜம் பற்றிய தரவுகள் வேண்டி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாடகாசிரியர், இயக்குநர், ஆசிரியர் என்ற மூன்று பணிகளையும் ஒருங்கே செய்து, 2016இல் மறைந்த பேராசிரியர் சே. இராமானுஜம் குறித்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றது, 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பணி, யூரிப்பிடீசின் கிரேக்க நாடகத்தை ஒப்பாரி மரபோடு இணைத்த 'வெறியாட்டம்' ஆகியவை பற்றி ஓரளவு எழுதிவிட்டேன்.

தடுமாறுவது அவருடைய வகுப்பறை பற்றித்தான். அவரிடம் பயின்ற என் தாய்மாமாவின் பழைய குறிப்பேட்டில், பென்சிலால் வரைந்த மேடைக் கட்டங்களும், ஒரு நடிகர் எந்த அடியில் நின்று மூச்சை இழுக்க வேண்டும் என்ற குறிப்பும் உள்ளன. பாதிப் பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. மாமாவும் இப்போது இல்லை.

எனவே, அவரிடம் பாடம் கேட்டவர்கள், ஒத்திகையில் அவர் நடிகர்களைத் திருத்திய விதத்தை நினைவிலிருந்து எழுதி அனுப்பினால் பேருதவியாக இருக்கும். திருக்குறுங்குடிக் கோயிலில் கைசிக ஏகாதசி இரவில் ஆடப்படும் கைசிக நாடகம் 1999இல் மீட்டெடுக்கப்பட்டபோது, அதன் நாயகனான பாணர் குலப் பக்தர் நம்பாடுவான் வேடத்திற்குப் பெண்களை அவர் எவ்வாறு பயிற்றுவித்தார் என்பதை நேரில் கண்டவர்கள் இருந்தால், அவர்களையே முதலில் தேடுகிறேன். புகழுரைகள் என்னிடம் போதுமான அளவு உள்ளன. தேவைப்படுபவை அழைப்பிதழ்கள், ஒத்திகைப் படங்கள், கையெழுத்துப் பிரதிகளின் நகல்கள். அசல்களை அனுப்ப வேண்டாம். கைபேசியில் எடுத்த தெளிவான படமே போதும்.