சிறுநீரக மாற்று சிகிச்சை: வீடு திரும்பும் தம்பிக்காக ஓர் உதவி

குமரி மாவட்ட உறவுகளுக்கு வணக்கம். என் தம்பிக்குத் திருவனந்தபுரத்தில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சிறுநீரகம் கொடுத்தவர் எங்கள் அம்மா. தன் தையல் வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிள்ளைக்குச் சிறுநீர் சரியாகப் போகிறதா என்றுதான் நர்ஸிடம் ஓயாமல் கேட்கிறார்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே. மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை. குடிப்பது கிணற்றுத் தண்ணீர். பின்புறம் மாட்டுத் தொழுவம் இருக்கிறது. புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்க, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளைத் தம்பி தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஆகவே சின்னத் தொற்றுகூட ஆபத்து. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுப்போம். ஆனால் அறையை எப்படித் தயார் செய்வது? தொழுவத்தை மாற்றியே ஆக வேண்டுமா? டாக்டரிடமும் கேட்போம். இதே மழையிலும் ஈரத்திலும் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சொன்னால் பெரிய துணையாக இருக்கும்.

இன்னொன்று, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். விடியற்காலையில் அவனைக் கூட்டத்தில் பஸ் ஏற்றித் திருவனந்தபுரம் கொண்டுபோக எனக்கு மனமில்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ரத்தம் எடுத்து, நம்பகமான முடிவை விரைவாகத் தரும் பரிசோதனைக் கூடம் உண்டா?

சிறுநீரகம் கொடுத்துவிட்டு நலமாக நடமாடும் தாய்மார் யாராவது அம்மாவிடம் தொலைபேசியில் பேச முடியுமா? மாலை நேரம் அவருக்கு வசதி. தனிச்செய்தி அனுப்புங்கள், எண் தருகிறேன்.