22 மணி நேரச் சிங்கப்பூர், அப்பாவின் மூன்று கருவிகள்

தஞ்சாவூரிலிருந்து:

மின்கருவிகளோடு விமானத்தில் போன அனுபவத்தை வாசகர்கள் எழுதலாம் என்று இந்தப் பக்கத்தில் கேட்டதும், எல்லோரும் மடிக்கணினியையும் கேமராவையும்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் 73 வயது அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அவரிடம் இருந்தவை மூன்று. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்திக் கொடுக்கும் சிபாப் கருவி, இரண்டு காதுக்குமான கேட்புக் கருவி, ஒரு கைப்பேசி. முதலாவது இல்லாமல் அவருக்கு இரவு இல்லை, இரண்டாவது இல்லாமல் பகல் இல்லை. மூன்றாவதில் ஒரு பழைய புகைப்படத்தை ஏற்றி வைத்திருந்தோம். நடுவழியில் சிங்கப்பூரில் இறங்கியதே அந்தப் படத்துக்காகத்தான்.

அப்பா பிறந்தது சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கில். தாத்தாவுக்கு அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. வீட்டில் இன்றும் 'நேவல் பேஸ்' என்றுதான் சொல்வோம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது வேலை போயிற்று. குடும்பம் ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் வந்து இறங்கியது. அப்பாவுக்கு அப்போது 19 வயது. அதற்குப் பிறகு அவர் அந்த மண்ணை மிதிக்கவே இல்லை. மெல்போர்னில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் புறப்பட்டபோது, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக இரண்டு டிக்கெட்டுகள் கண்ணில் பட்டன. ஒன்றில் காத்திருப்பு 4 மணி நேரம், இன்னொன்றில் 22 மணி நேரம். இரண்டாவதை எடுத்தேன். விசாவுக்கு முகவர் மூலம் விண்ணப்பித்தோம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையையும் நிரப்பினேன். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாறாதீர்கள்.

பெரிய பெட்டிகள் திருச்சியிலேயே மெல்போர்னுக்கு ஒப்படைக்கப்பட்டுவிடும். ஒரு பகலையும் ஓர் இரவையும் கைப்பையை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அதனால் முந்தின இரவு கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன்.

பவர் பேங்க் கைப்பைக்குள்தான் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். காரணத்தைத் தெரிந்துகொண்டால் விதி மறக்காது. லித்தியம் பேட்டரி கெட்டுச் சூடேறினால் அந்தச் சூடு பேட்டரிக்குள் இருக்கும் அடுத்த மின்கலத்துக்குத் தாவி, தானாகவே வளரும். பயணிகள் பகுதியில் புகை வந்தால் பணியாளர்கள் பார்த்துவிடுவார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். சரக்கு அறையில் அப்படிக் கவனிக்க ஆள் இல்லை. அங்குள்ள தீயணைப்பு வாயுவும் இந்த வகைத் தீயை முழுதாக நிறுத்தாது. 100 வாட் மணி (பேட்டரி சேர்த்து வைக்கும் மின்னாற்றலின் அளவு) வரை தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். பவர் பேங்கில் மில்லி ஆம்பியர் மணிதான் (mAh) பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அதை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 20,000, கணக்குப் போட்டால் 74 வாட் மணி. அந்த எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிட்டேன். எண் தெரியாவிட்டால் பாதுகாப்புப் பரிசோதனையில் அதைப் பறித்து வைத்துக்கொள்ளக்கூடும்.

சிபாப் கருவி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஈரப்பதத்துக்கான சின்னத் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் துடைத்துக் காயவையுங்கள். பையைச் சாய்த்தால் தண்ணீர் கருவிக்குள் இறங்கிவிடும். பாதுகாப்புப் பரிசோதனையில் மடிக்கணினியைப் போலவே இதையும் பையிலிருந்து எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். மருத்துவர் கடிதத்தை நான் கையிலேயே வைத்திருந்தேன். பரிசோதகர் கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது மூச்சுக்கா?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பதில் சொல்லவே பெருமையாக இருந்தது.

தவறு நடந்தது வேறு இடத்தில். காதுக் கருவிகளின் சார்ஜ் பெட்டியை இரவு மின்செருகியில் மாட்டினேன், சுவிட்சைப் போடவில்லை. சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, தானா மேரா நிலையத்தில் ரயில் மாறியதும் அப்பா வலது காதைத் தொட்டுக் கையை விரித்தார். இரண்டு நிலையங்கள் போவதற்குள் இடதும் போயிற்று. விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருந்தார்கள் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் அப்படித்தான் வைத்திருக்கிறது, நாங்கள் போனது வேறு நிறுவனம், அங்கும் அதே விதி). ரயிலில் அந்தத் தடை இல்லை. பெட்டிக்குள் இரண்டு கருவிகளையும் வைத்துப் பவர் பேங்கில் செருகி, மடியில் பிடித்துக்கொண்டேன். கடுகளவுப் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அப்பா கதவுக்கு மேலே இருந்த வழித்தடப் படத்தில் நிலையப் பெயர்களைத் தமிழில் ஒவ்வொன்றாகப் படித்தபடி வந்தார். காது கேட்காததால் குரல் கொஞ்சம் உரக்க இருந்தது. எதிரில் இருந்த சீனப் பாட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சிட்டி ஹால் நிலையத்தில் வடக்கே போகும் ரயிலுக்கு மாறினோம். பிறகு கருவிகளை எடுத்து அவர் காதில் பொருத்தினேன். அடுத்த நிலையத்தில் ஆங்கிலம், மாண்டரின், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் அறிவிப்பு வந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் இருந்த காலத்தில் இந்த ரயிலே கிடையாது. அது ஓடத் தொடங்கியதே 1987இல்தான்.

நகரத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஊரின் ஒரு மூலையை மட்டும் பாருங்கள். சுற்றுலாப் பயணிகள் கூடும் மரினா பே பக்கம் நாங்கள் போகவே இல்லை. சூப்பர் மரங்களின் ஒளிக்காட்சியையும் பார்க்கவில்லை. செம்பவாங் பக்கத்திலுள்ள கான்பெரா நிலையத்தில் இறங்கினோம். 2019இல் திறந்த நிலையம் அது. பெயர் மட்டும் அப்பாவுக்குப் பழைய கான்பெரா சாலையிலிருந்து தெரியும். அங்கிருந்து செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். 2020இல் பூங்காவாகத் திருத்தித் திறந்திருக்கிறார்கள். படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் மக்கள் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குடும்பம் வாளியில் வெந்நீர் பிடித்து முட்டைகளைப் போட்டு, தாத்தாவும் பேரனுமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசித் தொட்டியில், சூடு குறைந்த தண்ணீரில், அரை மணி நேரம் காலை வைத்திருந்தார்.

அதன் பிறகு செம்பவாங் பூங்காவின் படகுத்துறை. அந்தப் புகைப்படம் அங்கே எடுத்தது என்று தாத்தா சொல்லியிருந்தார். அதில் 12 வயது அப்பா அரைக்கால் சட்டையில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார், தாத்தா அவர் தோளில் கை வைத்திருக்கிறார், பின்னால் நீர், அதற்கப்பால் ஜோகூர் கரை. அப்பா கைப்பேசியை நீட்டிப் பிடித்து, அதிலிருந்த கரையை எதிரிலிருந்த கரையோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தார். திரும்பவும் பார்த்தார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் வாளியை நகர்த்தி இடம் கொடுத்தார். "இங்கேதான் பாப்பா" என்றார் அப்பா. அந்த இடத்தில் அவரை நிற்க வைத்து நான் படம் எடுத்தபோது கைப்பேசியில் 11 விழுக்காடு இருந்தது. பவர் பேங்கில் மிச்சம் இருந்ததால் கவலைப்படவில்லை. கையில் அது இல்லாதிருந்தால் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

மாலையில் யீஷூன் பாலசுப்பிரமணியர் கோயில். முன்பு கான்பெரா சாலைப் பக்கம் கடற்படைத் தளத் தொழிலாளர்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன். அதனால்தான் பெயரில் இன்னும் 'புனித மரம்' இருக்கிறது. அப்பா பங்குனி உத்திரத்துக்கு இந்த முருகனுக்குப் பால்குடம் தூக்கியவர். அங்கே என்ன பேசினார், யாரிடம் பேசினார் என்பதை எழுத மாட்டேன். அது அவருடையது.

இரவு, லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் சிறிய விடுதி. பத்து மணிக்குச் சிபாப் கருவியை மாட்டப் போனால் சுவரில் மூன்று சதுரத் துளைகள். என் கைப்பையில் இருந்ததோ ஆஸ்திரேலியாவுக்கான சாய்ந்த தகட்டு அடாப்டர். சிங்கப்பூருக்கானது மெல்போர்ன் போகும் பெட்டிக்குள். கருவியின் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்ததால் மின்னழுத்தம் சிக்கல் இல்லை. சிங்கப்பூரிலும் நம் ஊர்போல 230தான். செருகியின் வடிவம்தான் வேறு. அப்பாவை உட்கார வைத்துவிட்டுச் சிராங்கூன் சாலைக்கு ஓடினேன். மூன்றாவது கடையில் ஓர் இளைஞர், "சதுர முள்ளா அக்கா? இருக்கிறது" என்று கம்பியில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தார். அந்த இரவு அப்பா நன்றாகத் தூங்கினார். கருவி அதைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது: 6 மணி 40 நிமிடம்.

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா, படகுத்துறையில் இருந்த 11 விழுக்காட்டைப் படித்தபோது என் கொல்கத்தா நாள் நினைவுக்கு வந்துவிட்டது. எனக்குப் பவர் பேங்க் விமான நிலையத்திலேயே போயிற்று. ஜீன்ஸ் பையில் வைத்து, அந்த ஜீன்ஸைச் செக்-இன் பெட்டிக்குள் மடித்துப் போட்டிருக்கிறேன். விமானம் ஏறும் வாயிலில் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயர். ஓர் ஊழியர் கீழே பெட்டிகளைச் சோதிக்கும் அறைக்கு அழைத்துப் போனார். திரையில் என் துணிமணிகளுக்கு நடுவே அந்தச் செவ்வகம் அப்படியே தெரிந்தது. நான் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். விமானம் புறப்பட நேரம் நெருங்கியிருந்ததால் விட்டுவிட்டு ஓடினேன். அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். ஒரே வருத்தம், பெட்டியை ஒப்படைக்கும்போது "பவர் பேங்க் இருக்கிறதா?" என்று கேட்டார்கள், நான் யோசிக்காமலே "இல்லை" என்றேன்.

கொல்கத்தாவில் பிற்பகல் மூன்று மணிக்குக் கைப்பேசி அணைந்தது. விடுதியின் முகவரியும் வரைபடமும் பணம் கட்டும் செயலியும் அதற்குள்தான். பர்ஸில் இருந்த நோட்டுகளை வைத்து ஹவுராவில் படகு ஏறி ஹூக்ளியைக் கடந்தேன். 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோ போகிறது, சில நிமிடங்களில் கடந்துவிடலாம். ஆனாலும் படகில்தான் ஹவுரா பாலத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்க்க முடியும். இப்போது விடுதியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் ரொக்கமும்.

சென்னையிலிருந்து:

திருமணப் படம் எடுப்பவன் நான். வெளிநாடு போகும்போது கேமராவும் லென்ஸ்களுமாகக் கொண்டுபோவேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்று: புறப்படும் முன் சுங்கத் துறை மேசையில் பொருட்களைக் காட்டி, வரிசை எண்களோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது "இதை அங்கே வாங்கினீர்களா?" என்று கேட்டால் அந்தத் தாள் பதில் சொல்லும். அதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவேன். தனியாக இருக்கும் கேமரா பேட்டரிகளின் உலோக முனைகளில் காகித நாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைப்பேன். சில்லறைக் காசும் சாவியும் கிடக்கும் பையில் பேட்டரியைப் போடவே போடாதீர்கள்.

மீண்டும் தஞ்சாவூரிலிருந்து:

சிங்கப்பூரில் ரயில் கட்டணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: தொடாமலே பணம் கட்டும் வங்கி அட்டையை வாயிலில் காட்டினால் போதும், தனி டிக்கெட் வேண்டாம். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை. இருவரும் ஒரே அட்டையில் போக முடியாது. வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள்.

திரும்பும் வழியில் மறுபடி சிங்கப்பூரில் 9 மணி நேரம் இருக்கிறது. சதுர முள் அடாப்டர் இப்போது காதுக் கருவிப் பெட்டியோடு ஒரே உறைக்குள் இருக்கிறது. வெயில் தாழ்ந்தால் படகுத்துறைக்கு இன்னொரு முறை போக வேண்டும் என்கிறார் அப்பா. 1960களில் கான்பெரா சாலைப் பக்கம் வசித்த குடும்பத்தினர் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். அவர் தினமும் காலையில் காபி குடிக்கும்போது, யாராவது எழுதினார்களா என்று கேட்கிறார்.