கல்பனாவின் 'சரபஞ்சரா' நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

புட்டண்ண கணகால் இயக்கிய பழைய கன்னடப் படம் 'சரபஞ்சரா'. நல்ல பிரதி ஒன்றை இரண்டு மாதமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. திரிவேணியின் நாவல்தான் படமானது. மனநோயிலிருந்து மீண்டு வீடு திரும்பும் காவேரியாகக் கல்பனா, கணவராகக் கங்காதர். குணமாகி வந்தவளைச் சுற்றியிருப்பவர்கள் நம்ப மறுக்கும் இடங்களில் கல்பனாவின் முகம் ஒன்றே போதும், அப்படி ஒரு நடிப்பு.

இணையத்தில் கிடைத்த பிரதியில் படம் மங்கல், சப்டைட்டிலும் இல்லை. பெங்களூரில் ஒரு பழைய கடையில் விசிடி வாங்கினேன். இரண்டாவது தட்டு பாதியில் நின்றுவிடுகிறது. துடைத்துப் பார்த்தேன், வேறு பிளேயரில் போட்டேன், அப்புறம் கணினியிலும் போட்டேன். அதே இடத்தில்தான் நிற்கிறது. அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. ஆங்கில சப்டைட்டில் என்றாலும் சரி, நான் படித்துச் சொல்லிவிடுவேன்.

சப்டைட்டிலோடு முழுப் படம் எங்கே கிடைக்கும்?