ஸ்டெப்னி கவர் மாட்டிய அனுபவம், உங்களுக்கு எப்படி?

பொலேரோ, திருச்சி:
பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கு கவர் வாங்க சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். வண்டிப் பெயரைச் சொன்னதும் ஒன்றை எடுத்துப் போட்டார்கள். "எல்லா பெரிய வண்டிக்கும் இதுதான் சார், எலாஸ்டிக் இழுத்துக்கும்" என்றார் கடைப்பையன். உள்ளே தைத்திருந்த துண்டில் விட்டம் 31 இன்ச் என்று இருந்தது. என் டயரோ 215/75 R15. கணக்கு சுலபம்தான். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 75 என்பது அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 215-இல் முக்கால் பங்கு 161 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்தால் 322. அதோடு 15 இன்ச் ரிம்முக்கு 381 கூட்டினால் 703, அதாவது 28 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. பையன் நம்பவில்லை. கயிறு கேட்டு வாங்கி, டயரைச் சுற்றி அளந்து காட்டினேன், ஏழே கால் அடி; அதை 3.14-ஆல் வகுத்தால் அதே 28 இன்ச் விட்டம்தான். (தையல்காரர் டேப் ஐந்தடிதான், பத்தாது.) மூன்று இன்ச் தொளதொளவென்று இருந்தால் பைபாஸ் காற்றில் படபடவென அடித்தே தையல் விட்டுவிடும். அப்புறம்தான் உள்ளேயிருந்து 28 இன்ச் வந்தது.

மாட்டுவதற்கு முன் கவரை வெயிலில் போட்டு வையுங்கள், ரெக்சின் இளகும். மேல்பக்கம் முதலில் போட்டு, இரண்டு கையாலும் சமமாக இழுத்தபடி கீழே வரவேண்டும். டயருக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையாவிட்டால் நட்டுகளைத் தளர்த்தி, எலாஸ்டிக்கைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி நன்றாக இறுக்கிவிடுங்கள்.

ஜிம்னி, குன்னூர்:
எனக்கு 195/80 R15, உங்கள் கணக்குப்படி 693 வருகிறது. அப்படியென்றால் உங்கள் கவரே எனக்கும் பொருந்தும் அண்ணா. இங்கே பிரச்சினை மழைதான். தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் தேங்கி, வெயில் வந்ததும் ஒரு நாற்றம்! செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடிப்பக்கம் தண்ணீர் வடிய இரண்டு ஐலெட் (வளையம் வைத்த சின்ன ஓட்டை) போட்டதும் சரியாகிவிட்டது. நண்பரின் புது ஜீப் ராங்ளரில் ரிவர்ஸ் கேமராவே ஸ்டெப்னியின் நடுவில்தான் இருக்கிறது. அவர் நடுவில் ஓட்டை வைத்த கவராகத் தேடி அலைந்தார்.

பஞ்சர் கடை, விழுப்புரம் பைபாஸ்:
நான் பார்ப்பது வேறு மாதிரி. ஜாக்கி போட்டு, பஞ்சரான வீலைக் கழற்றி வைத்துவிட்டு கவரை உருவினால், ஸ்டெப்னியில் பாதிக் காற்றுகூட இருக்காது. ஒருவர் "ஒரு தடவைகூட ஓடாத புது டயர்" என்று சத்தியம் செய்தார். பக்கவாட்டில் 2315 என்று போட்டிருந்தது, 2015-இல் 23-ஆவது வாரம் செய்த டயர். சுற்றிலும் மயிரிழை வெடிப்பு. டயர் ஓடி வளையும்போதுதான் ரப்பருக்குள் கலந்திருக்கும் மெழுகு மேலே வந்து காற்றிலுள்ள ஓசோனைத் தடுக்கும், சும்மா தொங்கும் டயருக்கு அது கிடைக்காது. கவர் வெயிலை மறைத்தது நல்லதுதான், டயரின் வயதையும் சேர்த்து மறைத்துவிட்டதே! மாதம் ஒருமுறை உருவி, காற்று பாருங்கள். ஓடும் டயரைவிட மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பொலேரோ, திருச்சி:
அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாதாமாதம் அந்த எலாஸ்டிக்கோடு யார் மல்லுக்கட்டுவது? வால்வுக்கு நேராக ஒரு ஜிப் வைத்துத் தரமுடியுமா என்று சீட் கவர் தைக்கும் கடையில் கேட்டேன். ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும், மேலே ஒரு மடிப்பு கொடுத்தால்தான் தாங்கும் என்கிறார். யாராவது இப்படித் தைத்திருந்தால் படம் போடுங்களேன்.