செக்யூரிட்டி பிளஸ்: வீட்டிலேயே படித்து எழுத முடியுமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வேலைக்குப் போய்க்கொண்டே காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் (கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்) இணையத்தில் படிக்கிறேன். மடிக்கணினியில் 8 ஜிபி ரேம். பயிற்சிக்கு எப்படி அமைப்பது? தேர்வை வீட்டிலேயே எழுதலாமா?

பதில் 1:
8 ஜிபி போதும் தம்பி. கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், சோதனைக் கருவிகள் உள்ள காளி லினக்ஸுக்கு 2 ஜிபி, பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு செய்த மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கு 512 எம்பி கொடுங்கள். இரண்டையும் ‘ஹோஸ்ட் ஒன்லி’ வலையில் (உங்கள் மடிக்கணினிக்குள் மட்டும் இயங்குவது) மட்டும் வையுங்கள். வீட்டு வலையோடு நேராக இணைக்கும் ‘பிரிட்ஜ்டு’ போட்டால் ஓட்டை நிறைந்த அந்த இயந்திரம் வீட்டு வைஃபைக்கே திறந்துவிடும். அக்கம்பக்கத்து ரூட்டரைத் தொடவே வேண்டாம்; அனுமதியின்றி நுழைவது இங்கே தென்னாப்பிரிக்காவில் 2020 சைபர் குற்றச் சட்டப்படி குற்றம்.

பதில் 2:
செக்யூரிட்டி பிளஸின் 701 பதிப்புத் தேர்வில் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. 100–900 அளவில் 750 எடுக்க வேண்டும். செய்முறைக் கேள்விகள் பெரும்பாலும் முதலிலேயே வரும். குறியிட்டுவிட்டுக் கடைசியில் செய்யுங்கள், அங்கேதான் நேரம் கரைகிறது. தேர்வில் 28 சதவீதம் பாதுகாப்புச் செயல்பாடுகள்: லாக் (கணினியின் நிகழ்வுப் பதிவு) படிக்கப் பழகுங்கள்.

பதில் 3:
மின்வெட்டு வரும் பகுதியென்றால் தேர்வு மையமே நல்லது. வீட்டில்தான் என்றால் ரூட்டரோடு ஃபைபர் பெட்டியையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.